கதவு கேட்ட வெடியக்கா

நூல் மில்லில் அவளுக்கு வெடியக்கா என்று பெயர். வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். கட்சி, கொடி, கூட்டம் எதுவும் அவள் அறியாதவள். பெண்கள் கக்கூஸுக்குக் கதவு கேட்டாள், அவ்வளவுதான். அதுவரை ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வாசலில் சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மேனேஜர் ஆறு மாதமாக இழுத்தடித்தார். ஒருநாள் அவள் பேச்சைக் கேட்டுப் பெண்கள் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டார்கள்.

அந்த வருஷம் சர்க்காருக்குக் கம்யூனிஸ்டு பயம் தலைக்கேறியிருந்தது. மேஸ்திரியை எதிர்த்துப் பேசியவனைக்கூட வண்டியில் அள்ளிப் போட்டார்கள். மேனேஜர் ஒரே ஒரு போன் போட்டார். சாப்பிட்ட கையைக் கழுவவிடாமல் அவளை இழுத்துப் போனார்கள்.

"யாருடி சொல்லிக் கொடுத்தது? எந்த நாட்டுக்காரன்?" என்று இன்ஸ்பெக்டர் உறுமினார்.

"ஒண்ணுக்குப் போறதுக்கு எந்த நாட்டுக்காரன்யா சொல்லித் தரணும்?"

அறை விழுந்தது. இடது காது அன்றோடு செத்தது.

வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் சிறையில் போட்டுவைத்தார்கள். பூட்டு ரிப்பேர் செய்யும் அவள் கணவனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டபோது, "அவளுக்கும் எனக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்லீங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டான். அதைச் சிறைக்கு வந்து சொன்னவள் அவன் தங்கைதான்.

"அண்ணன் தொடைநடுங்கி, அண்ணி. பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன். நீங்க தெம்பா இருங்க."

விடுதலையானதும் நேரே மில்லுக்குப் போனாள். காவல்காரன் கேட்டில் மறித்தான். கதவு போட்டாயிற்றாம், மேனேஜரே ரிப்பன் வெட்டினாராம். கக்கூஸுக்கு ரிப்பன்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தக் கதவுக்கு வெலை என் காதுன்னு போய்ச் சொல்லுய்யா!"

ஷிப்டு முடிந்து வந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு நழுவினார்கள். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. தெரிந்தும் அவளுக்கு மனம் ஆறவில்லை.

வீட்டு வாசலிலேயே கணவன் அழுதான். "பயந்துட்டேன்டி."

"நானுந்தான் பயந்தேன். அந்த அடியிலயும் ஒருத்தி பேரையாவது சொன்னேனா?"

அதற்குப் பிறகும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தார்கள். பேச்சு மட்டும் சுருங்கிப்போயிற்று. நாத்தனாரும் அவளும் மார்க்கெட்டில் பழக்கடை போட்டார்கள். யாராவது வந்து, "அதெல்லாம் பழைய கதை, விட்டுத் தள்ளுக்கா" என்று சொல்லிவிட்டால் போதும், எடைபோட்ட பழத்தைத் திரும்பக் கூடையிலேயே கொட்டிவிடுவாள்.