டம்ளர் நிற்காத பெட்டி

எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு விளக்கேற்றுவதை நிறுத்தி நாளாகிறது. அப்பாவின் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் ஏறிய அன்றே, அந்த அறையில் தீக்குச்சிகூட உரசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறக்கும் இடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்த நெஞ்சு அது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று கட்டில் ஓரமாக உறுமிக்கொண்டே இருக்கும். அது நின்றால் அப்பா கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பார். அதற்கு மேல் போனால் உதடு நீலம் பாரித்துவிடும்.

திருவொற்றியூரில் கரண்டு போவதற்கு நேரம் காலம் கிடையாது. அதனால் மாடியில் சோலார் பலகை, கட்டிலுக்குப் பக்கத்தில் லித்தியம் பேட்டரி என்று போட்டோம். எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளிலும் அதே கடையில் வாங்கிய அதே பெட்டிதான். ஸ்டூல் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. அப்பா அதன் மேல் பேப்பரையும் டீ டம்ளரையும் வைத்துக்கொள்வார். நல்லபடியாகத்தான் ஓடியது. பிறகு பாதியில் நிற்க ஆரம்பித்தது. கரண்டு போன கொஞ்ச நேரத்தில் ஒரு 'பீப்' சத்தம், அவ்வளவுதான், மெஷின் அடங்கிவிடும். அப்பா என் முகத்தைப் பார்ப்பார்.

தம்பி துறைமுகத்தில் குளிர்சாதனக் கன்டெய்னர்களுக்குக் கரண்டு கொடுக்கும் வேலையில் இருக்கிறான். கப்பல் கிளம்புகிற அவசரத்தில் எந்த அலாரம் அடித்தாலும் முதலில் அதன் வாயை அடைப்பதுதான் அங்கே பழக்கம். ஆனால் வீட்டில் ஒழுங்காகத்தான் பார்த்தான், குறை சொல்ல மாட்டேன். பலகையில் படிந்த சாம்பலைக் கழுவினான். உப்புக் காற்றில் பச்சை பூத்த வயர் முனைகளைச் சுரண்டி இறுக்கினான். மீட்டரை வைத்து ஒவ்வொரு செல்லாகச் சோதித்தான். உள்ளே இருந்த எட்டு செல்லில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் சீக்கிரம் வடிந்துகொண்டிருந்தது. ஒன்று சோர்ந்தாலும், காவலுக்கு வைத்திருக்கும் போர்டு மொத்தத்தையும் நிறுத்திவிடுமாம்.

"அப்ப அந்த ஒண்ண மாத்து" என்றேன்.

"கடக்காரன் வரேன் வரேன்றான், வந்தாதான? அதுவரைக்கும் நைனா மூச்சு வுடாம இருப்பாரா? இந்த போர்டுதான்க்கா பேஜாரு. அத்த தாண்டி நேரா வயர் குட்த்துட்டா மேட்டரு முடிஞ்சிது."

"வேணாம்டா. எதுக்கோதான வெச்சிகிறான்."

"நீ கம்னு இரு."

கேட்கிற ஆளா அவன்? கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு கரண்டு எத்தனை தடவை போனாலும் மெஷின் நிற்கவில்லை. தெருவில் தம்பிக்கு நல்ல பெயர். எதிர்வீட்டு அக்கா ஒரு கிண்ணம் நிறைய நெத்திலி வறுவல் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். இது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, ஆளாளுக்கு எடுத்துத் தின்றோம்.

எனக்கு மட்டும் அந்த அமைதி பிடிக்கவில்லை. ஓயாமல் அழுத பிள்ளை திடீரென்று சத்தமில்லாமல் போனால் ஒரு பயம் வருமே, அந்தப் பயம். பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்று பார்ப்பேன். ஒருநாள் பெருக்கக் குனிந்தபோது அதன் பக்கத்தில் நகப்பாலீஷ் மாதிரி தித்திப்பாக ஒரு வாடை வந்தது.

"எனுக்கு இன்னா தெரியும், மூக்குலதான் குழா கீதே" என்றார் அப்பா. தம்பி சிரித்தான். "காசிமேட்டு மீன் நாத்தத்துல உனுக்கு மட்டும் நகப்பாலீஷா?"

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்டு போனது. மெஷின் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் கொடுத்த டீயை அப்பா வழக்கம்போலப் பெட்டி மேல் வைத்தார். டம்ளர் சறுக்கி விழுந்து டீ கொட்டியது. கை நடுக்கம் என்று நினைத்து, வேறு டம்ளரை நானே வைத்தேன். அதுவும் சறுக்கியது. மூடி நடுவில் புடைத்திருந்தது. தொட்டால் இட்லிச் சட்டி மூடி மாதிரி சுட்டது.

நான் போட்ட கூச்சலில், வேலை முடிந்து வந்த தம்பி ஷூவைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தான். நாங்கள் இரண்டு பேரும் மெஷினைப் பார்த்தோம், பெட்டியைப் பார்த்தோம். எதை முதலில் தொடுவது என்று புரியவில்லை. அப்பாதான் மூக்கிலிருந்த குழாயைப் பிடுங்கினார்.

"மொதல்ல இத்த வெளிய தூக்குங்கடா."

தம்பி வயர்களை இழுத்தான். பெட்டியில் ஈரச் சாக்கைச் சுற்றி, வீடு கட்டுவதற்காகத் தெருவோரம் கொட்டியிருந்த மணல்மேடு வரைக்கும் தூக்கிப் போனோம். கீழே வைத்ததும் மூடி விரிந்து, சீறிக்கொண்டு வெள்ளைப் புகை வந்தது. அந்தப் புகை அப்பாவின் கட்டிலுக்கு அருகில் வந்திருக்க வேண்டியது.

திரும்பி வந்தபோது அப்பா எப்படியோ சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் நாற்காலிக்கு வந்திருந்தார். வாயைக் குவித்து ஊதி ஊதி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்துத் துண்டு துண்டாகக் கேட்டார்.

"வேற... எவன் வூட்லனா... இப்டி பண்ணிகிறியா?"

தம்பி தெருப் பக்கம் திரும்பினான். அப்போதுதான் நான் தெருவைப் பார்த்தேன். தெரு முழுக்க இருட்டு. அந்த இருட்டில் அங்கங்கே சில வீடுகளில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டில் மின்விசிறிகூடச் சுற்றியது. நெத்திலி வறுவல் எதற்கு வந்தது என்று அப்போது புரிந்தது.

"போங்க... ரெண்டு பேரும்."

"உன்ன யாரு நைனா பாத்துக்கறது?"

"போடி."

தம்பி தெருக்கோடிக்கு ஓடினான். நான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்த அக்கா என் தோளுக்கு மேலாக எங்கள் வாசலைப் பார்த்துவிட்டாள்.

"ஐயய்யோ, நைனாக்கு மூச்சு வாங்குதே! எங்கூட்லதான் கரண்டு கீதேம்மா, மெஷின இங்க தூக்கினு வா, சீக்கிரம்!"

எனக்கு எதிரே, சுவரில், பிளக் பாயின்ட்டின் சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கள் மெஷின் இங்கிருந்து பத்தடி. ஒரு கணம், சத்தியமாகச் சொல்கிறேன், தூக்கி வந்துவிடலாமா என்றுதான் நினைத்தேன். பிறகுதான் பெட்டியைப் பார்த்தேன். அவர்கள் வீட்டில் அது தூளிக்கு நேர் கீழே இருந்தது. தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் குழந்தையை அவள் கையில் திணித்தேன். சுவிட்சை அணைத்தேன். தெரு இன்னும் கொஞ்சம் இருண்டது. எங்கள் வாசலில் அப்பா இருமுவது கேட்டது. இருமட்டும், இருமுகிறவரைக்கும் மூச்சு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வயரைப் பிடுங்கினேன்.