பயனாளியின் கையொப்பம்

அந்த மனிதரை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் செய்கிற வேலை பெரியது, நான் செய்தது தப்பு, இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பிடிக்காது. ஆயர் தாவார் சாலையில் எதிரே ஒரு வெள்ளை வேன் வந்தால் இப்போதும் என் முகம் இறுகிப்போகிறது.

நான் ஈப்போவில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் ஒரு பெண்கள் சேவைச் சங்கத்தில் சேர்ந்தேன். எங்கள் பேராக் மாநிலத்தில் இப்படிச் சின்னச் சின்னச் சங்கங்கள் நிறைய உண்டு. நாங்கள் எல்லோரும் ஒரு கூட்டமைப்பின் கீழ் இருந்தோம். அது ஆண்டுதோறும் சிறந்த சேவைச் சங்கம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து விருது கொடுக்கும். கேடயம், சால்வை, அதோடு கூட்டமைப்பின் முத்திரை குத்திய ஓர் அங்கீகாரக் கடிதம். அந்தக் கடிதம் யாருக்காவது பயன்படும் என்று அப்போது நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

விருதுக் குழுவில் நானும் இருந்தேன். சங்கங்களுக்குப் புள்ளி போடும் படிவத்தை, அதாவது மதிப்பீட்டுப் பாரத்தை, எழுதியவளே நான்தான். அதற்குக் காரணம் இருந்தது. முந்தைய ஆண்டு விருது வாங்கிய சங்கம், ஒரு பழைய தோட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி மூட்டை கொடுப்பதைப் போலப் படம் எடுத்து அனுப்பியிருந்தது. படம் எடுத்து முடிந்ததும் மூட்டைகளைத் திரும்ப லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பின்னால் அந்தக் குடும்பத்தில் ஒருத்தியே என்னிடம் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் கோபத்தோடு உட்கார்ந்து புதிதாகப் பாரத்தை எழுதினேன். உறுப்பினர் வருகைப் பதிவு, தேதியோடு படங்கள், பத்திரிகைச் செய்தி, எல்லாவற்றுக்கும் புள்ளி. பயனாளியின் கையொப்பம் இல்லாத திட்டத்துக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. இனி எவனும் ஏமாற்ற முடியாது என்று எனக்குப் பெருமை.

கடைசியில் ஒரு பெட்டியும் வைத்தேன். அதில் மதிப்பீட்டாளர், புள்ளி எவ்வளவாக இருந்தாலும் ஒரு சங்கத்தைத் தனியாகப் பரிந்துரைக்கலாம். அதையும் நானேதான் யோசித்து வைத்தேன். மறக்கக்கூடாத விஷயம் அது.

அந்த வருஷம் ஆயர் தாவாரிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்திருந்தது. மதிப்பீட்டுக் குழுத் தலைவரும் நானும் அவருடைய காரில் கிளம்பினோம். அவர் நில அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வழியெல்லாம், இந்தக் குட்டிச் சங்கங்களுக்கு ஒழுங்காக ஒரு பாரம் நிரப்பத் தெரியவில்லை என்று குறைபட்டுக்கொண்டே வந்தார். நானும் ஆமாம் போட்டேன்.

அது ஒரு பழைய தோட்டம். முன்பு ரப்பர், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டத்து ஆட்களில் பலர் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த காலத்தில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக்கொட்டகை மட்டும் கூரை மாற்றி நன்றாக இருந்தது. சங்கம் அதில்தான் இயங்கியது. உள்ளே மடக்கு நாற்காலிகள், கூடாரத் துணி, பெரிய பாத்திரங்கள், வெள்ளைத் துணிச் சுருள்கள். நடுவில் ஒரு நீளமான இரும்பு மேசை. அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர்தான். சங்கத்தின் தலைவர். ஐம்பதைத் தாண்டியவர், செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். எங்களைப் பார்த்தும் துடைப்பதை நிறுத்தவில்லை.

"யாரு நீங்க?"

"நான் ஈப்போ தமிழ்ப்பள்ளியில டீச்சரா இருந்தவ. விருதுக் குழுவுலேர்ந்து வாரோம்," என்றேன்.

"எந்த விருது? யாரு கேட்டா?"

பின்னாலிருந்து ஒரு பெண் தேநீர்த் தட்டோடு வந்தாள். அவருடைய தங்கை, சங்கத்தின் செயலாளர். ஒரு கிளினிக்கில் பதிவு எழுதும் வேலை. "நான்தான் அண்ணே அனுப்புனேன்," என்றாள் மெதுவாக.

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப நீயே பேசு," என்றுவிட்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

அவள்தான் சொன்னாள். ஆள் அற்றவர்கள் இறந்தால் இவர்கள் போய் எடுத்து வருகிறார்கள். பிள்ளைகள் கைவிட்டவர்கள், கல்யாணமே செய்யாத பழைய தோட்டத் தொழிலாளர்கள், கடைசிவரை குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடே இருந்தவர்கள். மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்து, குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, சடங்கு செய்து, எரித்து, சாம்பலை லுமுட் கடலில் கரைக்கிறார்கள். சங்கத்தில் மொத்தம் எட்டுப் பேர். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைக் காட்டினாள். ஒரு வரிக்கு ஒரு பெயர். பெயர் தெரியாத இடத்தில் "பெரியவர்" என்று மட்டும் இருந்தது.

அந்த நோட்டைப் பார்த்ததுமே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நானோ பாரத்தைத் திறந்தேன்.

"உறுப்பினர் வருகைப் பதிவு இருக்கா?"

அவள் வாய் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "வந்தவன் தூக்குனான். வராதவன் தூக்கல."

"படங்கள்?"

"பொணத்தோட நின்னு போட்டோ புடிக்கணுமா? பேனர் கட்டியா?"

குழுத் தலைவர் சமாதானமாக, "முகம் தெரியாம பின்னாலேர்ந்து எடுக்கலாம்லா," என்றார்.

நான் அடுத்த வரியைப் படித்தேன். படித்த பிறகுதான் அதில் என்ன இருக்கிறது என்பது மண்டையில் ஏறியது. "பயனாளியின் கையொப்பம்."

அவர் துணியைக் கீழே வைத்தார். "யாரு கையொப்பம்?"

"பயனடைஞ்சவங்க…"

"டீச்சர், அடுத்த தடவ தூக்கும்போது தட்டி எழுப்புறேன். பேனா நீங்க கொண்டு வாங்க."

பக்கத்தில் குழுத் தலைவர் சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது. என் காது சுட்டது. பாரம் உங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை, மன்னியுங்கள் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். முப்பது வருஷம் எதிர்ப்பேச்சே கேட்காத வாய் அது. "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். உங்களுக்காக மாத்த முடியாது," என்றேன்.

"யாரும் மாத்தச் சொல்லல. வெளிய போங்க. செருப்போட நிக்கிறீங்க. இங்கதான் அவங்கள படுக்க வைக்கிறோம்."

குனிந்து பார்த்தேன். அவரும் தங்கையும் வெறுங்காலோடு இருந்தார்கள். வாசலில் அவர்களுடைய செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. நாங்கள் இருவர் மட்டும் செருப்போடு அந்த மேசையை ஒட்டி நின்றுகொண்டிருந்தோம்.

தங்கை கார்வரை ஓடிவந்தாள். நாங்கள் தொடாத வடைகளைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தாள். "அண்ணன் பேச்சு அப்படித்தான் டீச்சர். மனசுல வெச்சிக்காதீங்க. அந்தக் கடைசிப் பெட்டி இருக்குல்ல, அதுல மட்டும் பாத்து எழுதுங்க." நான் வடையை வாங்கிக்கொண்டேன்.

ஈப்போ திரும்பும் வழியில் ஸ்ரீ இஸ்கந்தார் தாண்டுவதற்குள் பாரத்தை நிரப்பிவிட்டேன். எல்லா இடத்திலும் சுழியம். கடைசிப் பெட்டிக்கு வந்தபோது பேனா கொஞ்சம் நின்றது. செருப்பைச் சொல்லி என்னை விரட்டிய குரல் காதிலேயே இருந்தது. "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதினேன்.

விருது வழங்கும் மதிய விருந்து ஈப்போவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அந்த வருஷம் பரிசு, ஒரு பேருந்து நிறுத்தத்துக்குச் சாயம் பூசிய சங்கத்துக்கு. எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட்டிருந்தார்கள். பயனாளி கையொப்பமாக, அன்று பேருந்துக்குக் காத்திருந்தவர்களிடம் எல்லாம் வரிசையாக வாங்கி ஒட்டியிருந்தார்கள். முழுப் புள்ளி.

விண்ணப்பித்த மற்றவர்களுக்குப் பங்கேற்புச் சான்றிதழ். அதை வாங்க ஆயர் தாவார்த் தங்கை தனியாக வந்திருந்தாள். பட்டுப்புடவை, தலையில் பூ. வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"டீச்சர், கடைசிப் பெட்டியில என்ன எழுதுனீங்க?"

"அது குழுவோட முடிவும்மா," என்றேன். பொய்.

அவள் நம்பவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. ஆனால் சத்தம் போடவில்லை. "எங்களுக்குக் கேடயம்லாம் வேணாம் டீச்சர். முத்திர குத்துன கடிதம், அந்த சூராட் ஒண்ணு கெடச்சா ஆஸ்பத்திரி கவுண்டர்ல காட்டலாம்னு பாத்தேன். ஒவ்வொரு தடவையும் நீ யாரு, செத்தவருக்கு என்ன உறவுன்னு கேக்குறாங்க. உறவு இல்லன்னா நாளைக்கு வான்னு அனுப்பிடுறாங்க. அண்ணன் வேலைய விட்டுட்டு அலையிறாரு. பொணம் அங்கேயே கெடக்கு. அதான் அவருக்குத் தெரியாம அனுப்புனேன்."

அதற்குள் அவளை அழைத்துப்போக அண்ணன் வந்துவிட்டார். மண்டபத்து வாசலிலேயே நின்று சான்றிதழை வாங்கிப் படித்தார். "இதுக்குத்தான் பட்டுப்பொடவையா?" என்றார் தங்கையிடம். பிறகு என் பக்கம் திரும்பி, சுற்றி இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "டீச்சர், எங்க சங்கத்து பேருல ஒத்து விட்டுப்போச்சு," என்றார்.

உண்மைதான். சான்றிதழ்களில் சங்கப் பெயர்களை என் கையால்தான் எழுதியிருந்தேன். வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகவில்லை. நாற்பது சிவப்பு மைப் பேனா தீர்த்தவளை ஒரு லோரிக்காரர் திருத்தினார். பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அவள் அண்ணனின் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் விதியை மாற்ற வேண்டும் என்றேன். குழுத் தலைவர் ஆச்சரியப்பட்டார். "நீங்க எழுதுன விதிதானே?"

"தப்பா எழுதிட்டேன்."

சரி, பார்க்கலாம் என்றார். இரண்டு வாரத்தில் புதிய பாரம் வந்தது. "பயனாளியின் கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை" என்று திருத்தியிருந்தார்கள்.

"இறந்துபோனவங்களுக்கு?" என்று கேட்டேன்.

"வாரிசு போடட்டும்."

"வாரிசு இல்லாதவங்களத்தான் அவங்க எடுக்குறாங்க."

"அப்ப அது சேவைன்னு எப்படி நிரூபிக்கிறது?"

அந்தப் பெட்டியில் நான் கோபத்தில் எழுதியதைச் சொன்னேன். புள்ளியைத் திரும்பப் பாருங்கள், அந்தக் கடிதத்தையாவது கொடுங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நல்லதாப் போச்சு விடுங்க. அந்த ஆளு மேடை ஏறியிருந்தா என்ன பேசியிருப்பானோ." பாரத்தை அவர் முன்னால் எறிந்தேன். பேருந்து நிறுத்தத்தில் உங்கள் பெருவிரலையும் பதித்துவிட்டு வாருங்கள் என்று கத்தினேன். அன்றோடு அந்தக் குழுவைவிட்டு வெளியேறினேன். பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியை என்ற முறையில் அவர்கள் சேவைக்குச் சான்றாக மலாய் மொழியில் ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு ஆயர் தாவாருக்குப் போனேன். அவர் கொட்டகைக்கு வெளியே, பிணம் ஏற்றும் வெள்ளை வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். தங்கை இல்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தேன்," என்றேன்.

"கேட்டாச்சா?"

"அந்தப் பெட்டியில கோவத்துல எழுதிட்டேன்."

"தெரியும். தங்கச்சி சொன்னா."

கடிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை. "என்ன எழுதியிருக்கு? நாங்க நல்லவங்கன்னா? நீங்க சொல்லாமலே இத்தன வருஷம் தூக்கியாச்சு."

எனக்கு ரத்தம் கொதித்தது. மன்னிப்புக் கேட்க வந்தவள் என்பதே மறந்துவிட்டது. "உங்களுக்கு வேணாம்னா போங்க. தங்கச்சிக்கு வேணும். உங்க வீம்புக்கு அந்தப் பொண்ணு ஏன் ஒவ்வொரு கவுண்டரா நிக்கணும்?"

அவர் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார். முதல்முறையாகக் கொஞ்சம் அசைந்ததைப் பார்த்தேன். ஆனால் குரல் இறங்கவில்லை. "அத எங்கிட்ட சொல்ல நீங்க யாரு?"

"யாருமில்ல."

"அப்ப போங்க."

கடிதத்தை வேனுக்குள் இருக்கையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். போகும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். வீடு வந்து சேர்ந்தபோது தொண்டை வறண்டிருந்தது. யாரைத் திட்டினேன் என்பதுகூடச் சரியாகத் தெரியவில்லை.

சில வாரம் கழித்துத் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். வேனில் கிடந்த கடிதத்தை எடுத்து ஒரு தடவை மருத்துவமனைக் கவுண்டரில் காட்டினாளாம். முத்திரை இல்லாத கடிதம் செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். பிறகு அவள் வேலை செய்யும் கிளினிக் டாக்டர் அதையே கிளினிக் பெயர் அச்சிட்ட தாளில் தட்டச்சு செய்து, முத்திரை குத்திக் கொடுத்தார். இப்போது அதை வைத்துத்தான் உள்ளே போகிறார்கள்.

"அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"உங்க பேச்ச எடுத்தா எழுந்து போயிருவாரு."

"நானும் அப்படித்தான்."

அவள் லேசாகச் சிரித்தாள். என்னை மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்காவது மலாயில் கடிதம் எழுத வேண்டியிருந்தால் எப்போதாவது அழைக்கிறாள். நலம் விசாரிப்பதில்லை, விவரத்தை மட்டும் சொல்கிறாள். நான் எழுதி அனுப்புகிறேன். அவள் டாக்டரிடம் முத்திரை வாங்கிக்கொள்கிறாள். அதை எழுதுவது நான்தான் என்று அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டதில்லை. தெரிந்தால் கிழித்துப் போடுவார் என்றுதான் நினைக்கிறேன்.