நண்டின் சாவுச் செய்தி

எசெல்மா லரோண்ட் என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் சின்ன மாமனார் செத்த அன்று. சேப்பங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். வானொலியில் ஒரு புதுக் குரல் அவருடைய சாவுச் செய்தியை வாசித்தது. பிள்ளைகள், பேரன்கள், லண்டனில் இருக்கும் தங்கை, ஞானப்பிள்ளைகள் என்று ஒருவரையும் விடவில்லை. கடைசியில், "வாசித்தது எசெல்மா லரோண்ட்" என்றது.

எந்த லரோண்ட்? மலைக்கு அந்தப் பக்கத்து லரோண்ட்களைக்கூட யார் யாருக்குப் பிறந்தவர் என்று நான் தாய்வழியில் சொல்லிவிடுவேன். இவள் அம்மா தையல்காரி அடெலின் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அப்பா யார் என்றுதான் யாரும் வாய் திறக்கவில்லை. அது பல வருடம் என் மண்டையைக் குடைந்தது.

எங்கள் தீவில் சாவுச் செய்திக்கு ஞானஸ்நானப் பெயர் மட்டும் போதாது. அது பக்கத்து வீட்டுக்கே தெரியாது. அதனால் யார் வந்தாலும், செத்தவரை ஊரில் கூப்பிடும் பெயர் என்ன என்று எசெல்மா கேட்பாள். ஆனால் குடும்பம் கொடுக்காத சொல்லைத் தானாகச் சேர்க்கக் கூடாது. நிலையத்தின் சட்டம் அது. அவளும் அதில் கறார்.

என் நாத்தனாரை அடக்கம் செய்தபின், வந்தவர்களுக்கு வானொலியில் நன்றி சொல்ல, நிலையம் இருக்கும் ரோசோ நகரத்துக்குப் போனேன். எனக்கு முன்னால், எசெல்மாவின் மேசையருகே, அப்பாவின் சாவுச் செய்தியைக் கொடுக்க பெர்னிட்டா புரூனி நின்றாள். வங்கியில் வேலை, தலையில் தொப்பி. அவள் அப்பா மாரிகோ சந்தையில் நண்டு விற்றவர், நடப்பதும் பக்கவாட்டில்தான். தீவு முழுக்க அவருக்கு நண்டு என்றே பெயர்.

"எவரிஸ்ட் புரூனி. எழுதிக்கோ."

"ஊர்ல என்னன்னு கூப்பிடுவாங்க?"

"அதெல்லாம் வேணாம். அப்பாவுக்கு மரியாதையா ஒரு பேரு இருக்கு."

"அந்தப் பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாதும்மா. நாளைக்கு அடக்கம். பெட்டி தூக்க ஆள் வேணாமா?"

"நான் குடும்பம். நீ வாசிக்கிறவ. குடுத்ததை வாசி."

நான் சும்மா இருப்பேனா? "ஏன்டி பெர்னிட்டா, அவரு வித்த நண்டைத் தின்னுதானே வளந்தே? இப்ப அந்தப் பேரு மட்டும் நாறுதா?"

"பெரியம்மா, உங்க வேலையைப் பாருங்க!" விருட்டென்று போய்விட்டாள்.

எசெல்மா எழுந்து வாசிக்கும் அறைக்குப் போனாள். இடது தோளை முன்னே விட்டு, பக்கவாட்டில். அந்த நடையை நான் சந்தையில் பார்த்திருக்கிறேன். பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. எவரிஸ்ட் புரூனி காலமானார் என்றாள். உறவுகளை வரிசையாக வாசித்தாள். பிறகு தாளை மடித்து வைக்கும் சத்தம் கேட்டது. பெஞ்சிலிருந்த எல்லோரும் தலையைத் தூக்கினோம்.

"மாரிகோ சந்தையில் நண்டு என்று எல்லோரும் அறிந்தவர். குடும்பத்தின் சார்பில் இந்தப் பெயரைச் சொல்வது அவருடைய மூத்த மகள், எசெல்மா."

"அடியாத்தி, அவளா!" என்றாள் என் பக்கத்திலிருந்தவள்.

மறுநாள் மாரிகோ கோயிலுக்கு லாரியிலும் பஸ்ஸிலும் சனம் வந்து இறங்கியது. பெட்டிக்குத் தோள் கொடுக்கத் தள்ளுமுள்ளு. எசெல்மா கடைசிப் பெஞ்சு ஓரமாக நின்றாள். பெர்னிட்டா கூட்டத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பிறகு நடந்து வந்தாள்.

"இங்க என்ன நிக்கிற? குடும்பம் முன்னாடி."

சட்டத்தை மீறியதற்கு நிலையம் அவளை வேலையை விட்டு நிறுத்தியது. எசெல்மா இப்போது மாரிகோவில், அவள் அப்பாவின் பலகை வீட்டில் இருக்கிறாள்.