கோழி கிண்டிய எழுத்து

படிக்க முடியாத கையெழுத்தைக் கோழி கிண்டியது என்கிறோம். மலாய்க்காரர்கள் ‘சாக்கார் ஆயாம்’ என்கிறார்கள். அதுவும் கோழியின் கால் பறண்டல்தான். ஈர மண்ணில் கோழி கிளறிப் போன இடத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்தச் சொல் எங்கே பிறந்தது என்று விளக்க வேண்டாம். நான் அதன் பொருளை உணர்ந்தது போன மாதம், ஒரு மருந்துப் போத்தலில்.

மகளுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. நான் தோட்டத்து ஆபீசில் இருந்தேன். மனைவி வீட்டிலிருந்த பழைய போத்தலை எடுத்துக்கொண்டு, ஜாசின் சாலையில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடி, மருந்து கலக்கித் தரும் டிரஸ்ஸரிடம் மருந்து வாங்கி வந்தாள்.

நான் வீட்டுக்கு வந்து பார்த்தபோது, போத்தலின் பக்கவாட்டில் அளவுக்கு ஓரம் வெட்டிய வெட்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. படிக்கத் தெரியாதவர்களும் ஒரு வேளைக்கு ஒரு வெட்டு என்று பார்த்துக் குடிப்பதற்காக ஒட்டுவது. கழுத்தில் கட்டிய சீட்டில் இங்கிலீஷில் ஒரு வரி. துரையின் கையெழுத்தையே படித்துக் கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணி நான். அந்த வரியில் ஓர் எழுத்தும் பிடிபடவில்லை.

“டிரஸ்ஸர் என்ன சொன்னார்?” என்று மனைவியைக் கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லலீங்க. ‘எழுதியிருக்கேன், கிராணி படிச்சுக்குவார்’னாரு.”

பக்கத்து வீட்டு அக்கா கரண்டியோடு நின்றார். “அதான் வெட்டு இருக்கே தம்பி, ஊத்துங்க. படிச்சவங்க வீட்டுல மருந்துக்கும் பரீட்சை வைக்கணுமாலா?”

“ஒரு சொட்டும் கூடாது” என்று போத்தலைப் பிடுங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். ரப்பர் மரங்களுக்குள் வெகுதூரம் வரை மகளின் இருமல் என் பின்னாலேயே வந்தது. கொடுத்துவிட்டு வந்திருக்கலாமோ என்று கால் தயங்கியது. மிதித்தேன்.

“என்ன கிராணி, உங்களுக்குமா படிச்சுக் காட்டணும்?” என்று சிரித்தபடி டிரஸ்ஸர் போத்தலை வாங்கினார். வெட்டுக் காகிதத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

“இதை யார் ஒட்டினது? இது நெஞ்சுல தேய்க்கிற தைலம். உள்ள போனா விஷம்.”

யாரும் ஒட்டவில்லை. முன்பு வாங்கிய காய்ச்சல் மருந்தின் காகிதம் உரியாமல் அப்படியே இருந்திருக்கிறது. படிக்காத, ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டுகிறவர்களுக்கு டிரஸ்ஸர் திரும்பத் திரும்ப வாயால் சொல்லி அனுப்புவார். என் வீட்டுக்கு மட்டும், அப்பன் படித்தவன் என்று எழுதி அனுப்பினார்.

தேய்த்தோம், மகள் பிழைத்தாள். கோழி கிளறினால் அதன் குஞ்சுக்குக் கரையானாவது கிடைக்கும். டிரஸ்ஸர் கிண்டியதில் என் குஞ்சுக்கு விஷம் கிடைக்க இருந்தது.

இனி நானே வரிசையில் நிற்பேன். “படிக்கத் தெரியாதுங்க, வாயால சொல்லுங்க” என்பேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சொல்லும்வரை நகர மாட்டேன்.