ஓரத்து நீலம்

சூளகிரிக்குப் பக்கத்தில், கதிர்வீச்சு பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் தகடுகள் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. அங்கே தகடுகளின் தரம் பார்த்த ஓர் அம்மா, கையுறை போட்டுவிட்டால் மூக்கு அரித்தாலும் தொட மாட்டார். புற ஊதா விளக்கில் தகட்டைப் பிடித்து ஓரத்தை மட்டுமே பார்ப்பார். உள்ளே எழும் நீல ஒளி ஓரம்வரை மங்காமல் வந்து சேர வேண்டும்.

ஒருநாள் ஒரு தகட்டை ஒதுக்கி வைத்தார்.

"மீட்டர்ல சரியாத்தானே காட்டுது?" என்றேன், புது இன்ஜினியர் தோரணையில்.

"இன்னிக்குக் காட்டும் சார். வெறுங்கை பட்டு எண்ணெப்பசை ஒட்டிருக்கு. பத்து நாள்ல வெடிப்பு விட்டுடும். அனுப்புனா ஆவாது."

"யார் தொட்டது?"

கையுறையில்லாத என் கைகளைப் பார்த்தார்.

பத்தாம் நாள் அந்தத் தகட்டில் மயிரிழை விரிசல்கள் தெரிந்தன, சரியாக என் கட்டைவிரல் அகலத்துக்கு. கழிவுப் பதிவேட்டைப் புரட்டினேன். காரணம் என்ற இடத்தில் 'கை பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தார். யார் கை என்று கடைசிவரை எழுதவில்லை.