மாஸ்டர் கழற்றி வைத்த ஸ்டீல் கிளவுஸ்

1. கட்டிங் மாஸ்டரின் குதிகாலில் செருப்பு கடித்துப் புண்ணானது.
2. புண் ஆறவில்லை. சர்க்கரையாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னோம். அவர் இரத்தம் எடுத்துப் பார்க்கவே சம்மதிக்கவில்லை.
3. கால் கறுத்தது. சபையார் வந்து ஜெபித்தார்கள்.
4. ஒருநாள் காலையில் ஸ்டீல் கிளவுஸை மேஜைமேல் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.
5. காய்ச்சல் கண்டு வீட்டிலேயே இறந்தார்.

பனியன் கம்பெனியில் தரம் பார்ப்பவள் நான். நடந்ததை வரிசையாக எழுதினால் எங்கே தவறியது என்று தெரிந்துவிடும். இதில் மட்டும் தெரியவில்லை.

மாஸ்டர் பிழைப்புக்காகத் தெற்கேயிருந்து திருப்பூர் வந்தவர். அவருடைய சபையில் மருந்தைத் தொடமாட்டார்கள், தலைவலிக்குக்கூட ஜெபம்தான். ஆனால் கட்டிங் மெஷினைத் தொடும் முன் இடது கையில் அந்த இரும்பு வலைக் கிளவுஸை மாட்டாமல் இருந்ததில்லை. மற்றவர்கள் பாதுகாப்பு ஆடிட் வருகிற அன்று மட்டும் போடுவார்கள். அடுக்கிய துணியை அந்தக் கை அழுத்திப் பிடித்திருக்க, பிளேடு அதன் ஓரமாகவே ஓடும். ஒருமுறை கேட்டேன்: "கர்த்தர் பாத்துக்குவாருன்னா இது எதுக்குங்க மாஸ்டர்?"

"வெட்டு விழாம பாக்குறது என் வேலை தாயி. விழுந்தா ஆத்துறது அவரு வேலை. ரெண்டையும் போட்டுக் குழப்பாத."



கால் வீங்கியபின் முதலாளியே கட்டிங் மேஜைக்கு வந்து நின்றார். "ஏனுங்க மாஸ்டர், கார் வாசல்லயே நிக்குதுங்க. ஒரு ஊசி போட்டுட்டு வந்துரலாமுங்க."

"ஊசியக் கண்டா எனக்குப் பயம்னு நெனச்சிட்டீகளா மொதலாளி? இத்தன வருசமா ஊசிக்கு நடுவுலதான பொழைக்கிறேன்" என்றார். தையல் லைன் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது கார் காலியாகக் கிளம்பியது.

கடைசியாக அவர் வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிப் பேச்ச மட்டும் எடுக்காத தாயி. அவுகளுக்கு இருக்கிற தெம்பே இந்த ஒண்ணுதான்." நான் எடுத்தேன். மாஸ்டர் கோபப்படவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கிளம்பும்வரை அந்தப் பக்கமே பார்த்துக் கிடந்தார்.

ஸ்டீல் கிளவுஸ் இப்போது மேஜைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. புது மாஸ்டருக்கு அது பெரிது. வேறு வாங்கிக் கொடுத்தோம். ஆடிட் வருகிற அன்று போடுகிறார். மாஸ்டரின் மனைவி என் செக்கிங் மேஜையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். போன வாரத்திலிருந்து இருமுகிறார். மாத்திரை கொடுத்தேன். வாங்கவில்லை.