அக்காவுக்கு நான் சொன்ன நாள்கணக்கு

என் அக்கா ஜுதித் பாப்பினோ பிறவி வாயாடி. பிரான்சில், புவாத்தூ பகுதியில் எங்கள் ஊர்ச் சந்தையில் ஆட்டுப்பால்கட்டி விற்பாள். எங்கள் ஜெபப் பாட்டைக் கேலிசெய்து கத்தோலிக்கப் பெண்கள், "உன் பால்கட்டிக்கும் பாட்டு பாடிக் காட்டுவியாடி?" என்று சீண்டினால், "பாடாமயா உங்க சாமியார் வாரம் ரெண்டு வாங்குறார்?" என்பாள். புருஷன் செத்தபிறகு தனிக்கட்டை.

இப்போதைய ராஜாவின் தாத்தா எங்கள் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தச் சபைக்கு ஒரு சாசனம் கொடுத்திருந்தார்: உங்கள் முறைப்படி கும்பிடுங்கள், யாரும் கைவைக்க மாட்டார்கள் என்று. அதை நம்பித்தான் மூன்று தலைமுறையாக மூச்சுவிட்டோம். பேரன் அதை ஒரேயடியாகக் கிழிக்கவில்லை, சட்டம் சட்டமாகப் போட்டுக் குடைந்தார். கத்தோலிக்கத்துக்கு மாறிக் கையெழுத்திட்ட யாராவது எங்கள் ஜெபவீட்டுக்குள் திரும்பக் கால் வைத்தால், கட்டடத்தையே இடிக்கலாம் என்று ஒரு சட்டம். அதைக் கண்காணிக்க உள்ளேயே ராஜாவின் ஆள் ஒருவன் உட்கார்ந்திருப்பான். மாறியவர்கள் நுழையாமல் தடுக்க, சபை சார்பில் வாசலில் காவல் நான்.

அந்த வருஷம் எங்களை மதம் மாற்ற, எங்கள் வீடுகளில் சிப்பாய்களைக் குடிவைத்தார்கள். அக்கா வீட்டில் ஆறு பேர். முறைபோட்டு அவள் காதருகே முரசு அடித்தார்கள், கண்ணை மூடவே விடவில்லை. ஐந்தாம் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிறு ஜெபவீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"உள்ள வரலடா தம்பி. படிக்குக் கீழ நின்னு பாட்டு மட்டும் கேட்டுட்டுப் போறேன்."

வெளியே நின்றால் சட்டம் ஒன்றும் செய்யாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் கண்காணிப்புக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"யாரு நீ? போ அந்தப் பக்கம்! தூக்கத்துக்காக சாமிய வித்தவளுக்கு இங்க என்ன வேலை?" என்று கத்தினேன். அத்தனை பேரும் பார்க்க அவள் தோளைப் பிடித்துத் தள்ளினேன்.

வாயாடி அக்கா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். சபை மூப்பர், "நம்மள காப்பாத்திட்டப்பா" என்று என் முதுகில் தட்டினார். பாவி நான், பூரித்துப்போனேன்.

சில வருஷத்தில் ராஜா சாசனத்தையே ரத்து செய்தார். ஜெபவீடு தரைமட்டம். சிப்பாய்கள் என் வீட்டுக்கும் வந்தார்கள், ரெண்டே பேர். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. "எங்க போடணும்?" என்று நானே கேட்டுக் கையெழுத்துப் போட்டேன். வெட்கக்கேடு!

முதல் கத்தோலிக்கப் பூசைக்குப் போனபோது கோயில் நிரம்பியிருந்தது. புதிதாக மாறிய எங்கள் ஆட்கள் ஒருவரும் எனக்காக நகரவில்லை. அக்காதான் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு இடம் கொடுத்தாள். அவள் செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

"எத்தன நாள்டா அடிச்சாங்க, முரசு?" என்று காதோரம் கேட்டாள்.

"ஆறு நாள்," என்றேன்.

"ஐயோ தம்பி! என்னைவிட ஒரு நாள் கூடத் தாங்கியிருக்கியே," என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.